பட்டினியைப் பற்றி நான் சொன்னது

2025 ஜனவரி 9, வியாழன்

மழை விடவில்லை. ஆய்வுகூடத்தில் இரண்டு தரம் மின்சாரம் போய் வந்தது. மதுவம் உயிரோடுதான் இருக்கிறது. பாண் மாவைப் பொங்க வைக்கும் அதே மதுவம்தான்; ஒசாக்காவில் படித்த காலம் தொட்டு அதைப் பட்டினி போட்டுப் பார்ப்பதே என் தொழில். உணவு கிடைக்காத உயிர்க்கலம் தன்னுள் பழுதானவற்றைப் பொதி கட்டி, உடைத்து, அந்தத் துண்டுகளால் புதியதைக் கட்டிக்கொள்கிறது. அது எப்படித் தொடங்குகிறது என்று தேடியவர்கள் பலர். எங்கே நிற்கிறது என்று தேடுகிறேன் நான். நிறுத்தத் தெரியாத கலம் தன்னையே தின்று முடித்துவிடும்.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. "நல்ல கேள்வி, ஆனால்…" ஆனாலுக்குப் பிறகு வாசிக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

ஏறாவூரில் யூடியூப் சனல் நடத்தும் றிஸான் கமெராவோடு வந்தார். மத்தியானம் வரை பேசினேன். இந்த ஊரில் யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.

"பட்டினி கிடந்தா உடம்பு தன்னைத்தானே துப்புரவாக்கும் எண்டு சொல்லலாமா மிஸ்?"

"கலம் துப்புரவாக்கும். மனுசருக்கு எவ்வளவு நல்லது, ஆருக்குக் கூடாது எண்டதெல்லாம் இன்னும் சரியாத் தெரியாது."

தலையாட்டினார்.

ஜனவரி 18, சனி

வீடியோ வந்துவிட்டது. ஆறு நிமிடம். தலைப்பு: 'பட்டினி கிடந்தால் நோய் ஓடும் – மட்டக்களப்பு விஞ்ஞானி'. நான் சிரித்துக்கொண்டே, "பட்டினியிலதான் கலம் தன்னைத் துப்புரவாக்குது" என்கிறேன். அதற்குப் பின் சொன்ன எதுவுமே இல்லை. நிறுத்துவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாழ்நாளெல்லாம் நான் தேடியது வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.

றிஸானை உடனே அழைத்திருக்க வேண்டும். அதற்குள் வாகரையிலிருந்து புஸ்பம் அக்கா போன் எடுத்தாள். "ரெண்டு தரம் பாத்தன் புள்ள. நீ என்ன படிச்ச எண்டு இப்பதான் எனக்கு விளங்கிச்சி." அம்மா போன பிறகு தன் படிப்பை விட்டு என்னைப் படிக்க வைத்தவள். அவள் குரலில் அப்படியொரு சந்தோசம். வீடியோ பிழை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நாளைக்குப் பார்க்கலாம்.

ஜனவரி 20, திங்கள்

விரிவுரையாளர் அறையில் எல்லோரும் கைகொடுத்தார்கள். றிஸானை அழைக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

அக்கா விழுந்துவிட்டாள். முற்றத்தில், காலையில், வியர்த்துக் கொட்டி, வாய் குழறி. மூன்று நாளாக வெறுந்தேத்தண்ணிதானாம். ஆனால் சீனி வருத்தக் குளிசையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறாள். இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது நினைவில்லை.

அவள் மகன் உதயரூபன் வோட் வாசலில் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்னம்மா, நீங்க சொன்னதத்தானே செஞ்சா."

என்னத்தச் சொல்லுற? நான் அப்பிடிச் சொல்லல்ல எண்டா? சொன்னனே – என்ர வாயாலதானே சொன்னன். வெட்டினது அவர். தெரிஞ்சும் பேசாம இருந்தது ஆரு?

ஜனவரி 25, சனி

அக்கா கண் திறந்து பேசினாள். குரல் மெல்லியதாக இருந்தது.

"உன்ர மதுவத்தையும் பட்டினிதானே போடுற. கடைசில அதுக்கு என்னகா ஆகும்?"

"கனநாள் போட்டா செத்துரும் அக்கா."

"அதையும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னன். வெட்டிட்டாங்க."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் போன் எடுத்தனே."

ஜனவரி 28, செவ்வாய்

நடந்ததைக் கேட்டு றிஸான் வீடியோவை நீக்கிவிட்டார். நேரில் வந்து, "எங்கட வாப்பாவுக்கும் சீனி மிஸ்" என்று மட்டும் சொன்னார். புதிதாக ஒன்று எடுத்தோம், அக்காவுக்கு நடந்ததையும் சேர்த்து. அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பழையதோ யார் யாருடைய போன்களிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இனி யார் பிடிப்பது?

பெப்ரவரி 5, புதன்

இன்று மதுவத்துக்குப் பட்டினி தொடங்கும் நாள். குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு தொடங்கினேன். என் கேள்வி பிழையானதல்ல.

பெப்ரவரி 12, புதன்

அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வோட்டில் அவளைப் பார்த்த டொக்டர் பரீனா என்னை நிறுத்தினார். "நோன்பு வருது மிஸ். அந்த வீடியோவ நம்பி, சீனி வருத்தக்காரர் எங்களக் கேக்காமலே நோன்பு புடிக்கப் போறாங்க. ஏறாவூருக்கு வந்து பேசுவீங்களா?"

"நான் வைத்தியர் இல்லயே."

"அதையே முதல்ல சொல்லுங்க. மறுகா குளிசையப் பத்தி நான் சொல்றன்."

அக்கா இடையில் புகுந்தாள். "நானும் வாறன்."

பெப்ரவரி 23, ஞாயிறு

ஏறாவூரில் ஒரு மண்டபம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் வைத்தியர் இல்லை என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததெல்லாம் நுணுக்குக்காட்டியில் பார்த்த மதுவத்தைப் பற்றித்தான் என்றேன். சிலர் எழுந்து போனார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் பொறுமை இழந்தார்.

"அப்ப நோன்பு புடிக்கவா, வேணாமா? ஒண்டச் சொல்லுங்க."

"நீங்க என்ன குளிசை எடுக்கிறீங்க?"

அவருக்குக் குளிசையின் பெயர் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொலித்தீன் பையை எடுத்து நீட்டினார். பரீனா வாங்கிப் பார்த்து, அவரைத் தன் பக்கத்தில் இருத்திப் பேசத் தொடங்கினார். அதைக் கண்டு இன்னொருவர் எழுந்தார். பெண்கள் பக்கத்தில் கைப்பைகள் திறந்தன. மேசைக்கு முன்னால் வரிசை நீண்டது. நான் பேசக் கொண்டுபோனதில் பாதி பேசப்படவே இல்லை, யாரும் கேட்கவுமில்லை. பரீனாவின் மேசையோரம் கதிரையை இழுத்துப் போட்டு, குளிசை மட்டைகளில் பொடி எழுத்தில் இருந்த பெயர்களை வாசித்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து என் பக்கத்தில் இருந்தாள். அடுத்த பையை அவளே கைநீட்டி வாங்கி என்னிடம் தந்தாள்.

"இதையும் பாரு புள்ள."