எப்ப வந்த, எப்பப் போற?

என் கண்ணே, செல்வி,

மாமன் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிக்காதே. எனக்குச் சொல்லித்தரப் பாடம் தீர்ந்துபோய், வாத்தியாரே கைகூப்பி அனுப்பிவைத்த ஆள் நான். உன் சடங்குக்கு நான் கொண்டுவந்த சீர்த்தட்டு நூற்றியொன்று என்று நம் களமருதூரில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். "இருபத்தொண்ணுதான் மாமா" என்று குறுக்கே பேச நீ இல்லை. அதனால் தட்டு ஏறிக்கொண்டே போகிறது.

உன்னைச் சங்கராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தோம். உன் வீட்டுக்காரன் செத்துப்போன பிறகு அவன் தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டான். அதை நீ யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கட்டைப்பையோடு உன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாய்.

தெருவே ஆசையாகக் கேட்டது: "எப்பம்மா வந்த? எப்பப் போற?"

கட்டிக்கொடுத்த பெண் வந்தால் நம் பக்கத்தில் அப்படித்தானே கேட்போம். இரண்டும் சேர்ந்தால்தான் விசாரிப்பு. திரும்பிப் போக வீடு இருப்பவளுக்கு அது சர்க்கரை. உனக்கு? ஒருத்தி கேட்டபோது சிரித்தாயாம். அடுத்தவள் கேட்டபோது "வெள்ளிக்கெழம போறன்" என்றாயாம். சொல்லிவிட்டோமே என்பதற்காகவே வெள்ளிக்கிழமை கிளம்பியும் விட்டாய். எங்கே போனாய் என்று யாருக்காவது தோன்றியதா?

இங்கே "அது புருசன் வூட்டுல கீது" என்றார்கள். அங்கே "அண்ணன் வூட்டுக்குப் போயிருக்குது" என்றார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நீ இருந்தாய். பையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்?

நான் அப்போது கல்வராயன் மலையில் மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். நான் ஒரு விசில் அடித்தால் மலையே நிற்கும். அந்த மலையிலிருந்து உன் சேதி மட்டும் எனக்குத் தெரியவில்லை. காய்ச்சலில் நீ போன பிறகுதான், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா சொன்னது: "சங்கராபுரம் பஸ்ஸு எப்பன்னு தெனம் கேக்கும்யா. பஸ்ஸு வந்தா ஏறாது. ராவானா ஆஸ்பத்திரி வராண்டால, தொணைக்கு வந்தவங்களோட ஒண்ணா படுத்துக்கும்."

இப்போதைய சேதி கேள். ஆடியில் கூழ் ஊற்றும்போது மைக்கைப் பிடித்துவிட்டேன். கலெக்டரே வந்து கேட்டார் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். வந்தவர் ஜீப் டிரைவர், கூழுக்கு நின்றவர்.

"வூடில்லாத பொம்பள எங்கியோ பட்டணத்துல இல்ல, நம்ம சீர் வாங்கிக்கினு போனவதான்! எப்ப வந்தன்னு கேளு. சாப்டியான்னு கேளு. எப்பப் போறன்னு மட்டும் கேக்காத!" என்றேன்.

"இன்னா மாமா, கேக்கலன்னா மதிக்கலன்னு சண்டைக்கு வருவாளுங்களே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"வரட்டும். சண்டைய வூட்டுக்குள்ள இருந்துதான போடுவா!"

எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தை மட்டும், "ஊரு வாய்க்குப் பூட்டு போடறாரு, தன் வாய்க்கு ஒண்ணு போட்டுக்கறாரா பாரு" என்றாள்.

போன மாதம் தெருக்கோடி வீட்டு அஞ்சலை, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பையோடு வந்தாள். குழாயடியில் உன் அத்தை, "எப்பம்மா வந்த?" என்றாள். பழகின நாக்கு சும்மா இருக்குமா? "எப்பப் போ..." என்று இழுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் விழுங்கி, "எப்பப் போட்ட இந்தக் கம்மலு?" என்று முடித்தாள்.

அஞ்சலை காதில் இருந்தது வேப்பங்குச்சி.

"நல்லா கேட்ட போ அத்த! கம்மலு அடகுக்குப் போயி எத்தினி நாளாச்சி!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "போறதுக்கு எடமில்ல அத்த."

அவ்வளவுதான் செல்வி. அந்த ஒரு பேச்சைச் சொல்ல உனக்கு நாங்கள் இடம் விடவே இல்லையே.

உர மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, எங்கள் பின்னறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். அவள் அண்ணன் வந்து, "எங்க குடும்ப மானம் போவுது" என்று குதித்தான். "வாசல் தொறந்துதான் கீது, கூட்டிக்கினு போடா" என்றாள் உன் அத்தை. போனவன் இன்னும் திரும்பி வரவில்லை.

மானம் என்றதும் உன் அண்ணன் நினைவு வருகிறது. "காய்ச்சல்ல போச்சின்னு மட்டும் சொல்லு மாமா, பஸ் ஸ்டாண்டு பேச்ச எடுக்காத" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவனைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது.

ஒன்றைப் பத்தாக்கும் வாய் இது, உனக்குத் தெரியும். உன் விஷயத்தில் மட்டும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எந்த மைக்கிலும், எவன் வாசலிலும் இப்படியே சொல்வேன்: "புருசன் வூடு இருந்துச்சி. அண்ணன் வூடு இருந்துச்சி. மாமன் வூடும் இருந்துச்சி. எங்க செல்வி பஸ் ஸ்டாண்டுல கெடந்தா." இது சத்தியம் கண்ணு.

உன் அம்மாவுக்கு ஒரே தம்பி,
உன் தாய்மாமன்