கோலினின் மொட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். கண்ணில் நீர் வடிவது நின்றதா? போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள், சுங்காய் ஊர் முழுக்கக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமென்று தைப்பூசத்தில் மொட்டை போட்டேன் அல்லவா? எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் கோலின் கேன்டீனில் எல்லார் முன்னாலும், "முடியில போதை டெஸ்ட் வருதுன்னு புனிதா முந்திக்கிட்டா லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

அந்த டெஸ்டுக்கு லேப் தேடும் வேலையை மேனேஜர் என்னிடமே கொடுத்தார். கோலின் சிபாரிசு செய்த லேப்பில் தலைமுடி மட்டும்தான் எடுப்பார்கள்; மொட்டை என்றால் விட்டுவிடுவார்கள். நான் வேறொன்றைப் பிடித்தேன். நம் கண்ணெதிரே வெட்டி, சீல் வைத்து, கையெழுத்து வாங்குகிறார்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு முறையில் மறுபடி பார்க்கிறார்கள். டெஸ்ட் எடுப்பவர்கள் பட்டியலில் சூப்பர்வைசர்களையும் சேர்த்தேன். அந்த லேப்பைப் பற்றி ஒன்றை மட்டும் கோலினிடம் சொல்லவில்லை.

நேற்று அவன் மொட்டையோடு வந்தான். அவனுக்கு எந்த வேண்டுதலும் கிடையாது.

கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சுவீர்களே, அந்த எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புங்கள். முளைக்கிற முடி குத்துகிறது. தேய்த்துவிடத்தான் இங்கே கமுந்திங்கில் ஆளில்லை.

பஸ் வந்துவிட்டது. இன்றுதான் டெஸ்ட். முதல் பெயர் என்னுடையது, அடுத்தது அவனுடையது. "பரவால்ல அண்ணே, இவங்களுக்குக் கால் முடியே போதுமாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
புனிதா