எண்பத்து மூன்றாவது குடும்பம்

மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது அந்த டிஸ்கெட் கிடைத்தது. மேலே நீல மையில் உன் கையெழுத்து: ‘தோட்டத்து வீடுகள்’. அதைப் படிக்கிற கணினி இப்போது என்னிடம் இல்லை. தேவையும் இல்லை. உள்ளே இருப்பது எனக்கு மனப்பாடம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு, தொழிற்சாலைகள் இருக்கிற செனாவாங்கில் வீடு தருவதாகச் சொன்னார்கள். பட்டியல் போடும் வேலையை நாம் இருவரும் ஏற்றுக்கொண்டோம். தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்ததும் நீ வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்து, என் பழைய கணினியில் தட்டுவாய். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொடக்கக் குறி. அதற்குள் பெயர், அடையாள அட்டை எண், பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. அந்தக் கோப்பைப் படித்துப் பட்டியலாக அச்சிட, நான் பெர்ல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன்.

“உங்க வீட்ட எப்ப போடப் போற?” என்று நான் கேட்டதற்குச் சிரித்தாய்.

“ஊரு சனம் மொதல்ல போவட்டும்லா. நம்மளுது எங்க ஓடிடப் போவுது?”

எண்பத்து மூன்றாவதாக, கடைசியாக, உன் அப்பா பெயரைத் தட்டினாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எண்பத்திரண்டு வீடுகள் கிடைத்தன. எங்களுக்கும் ஒன்று.

“பேரு இல்லியே தங்கச்சி. லிஸ்டு மூடியாச்சு” என்று அலுவலகத்தில் கையை விரித்தார்கள். வெளியே வந்து, “அசதில சேவ் பண்ணாம விட்டுட்டேன் போலடி. என் தப்புதான்” என்றாய்.

அன்று மாலையே நிரலைத் திறந்து பார்த்தேன். அடுத்த குடும்பத்தின் தொடக்கக் குறியைக் கண்டால்தான், அதுவரை படித்து வைத்திருந்த குடும்பத்தை அது அச்சுக்கு அனுப்பும். கடைசிக் குடும்பத்துக்குப் பின் ஏது குறி? உன் வீட்டைப் படித்தது, அச்சிடாமலே நின்றுவிட்டது. நீ சரியாகத்தான் தட்டியிருந்தாய், சேவும் செய்திருந்தாய். நான்தான் நிரலில் ஒரு வரியை விட்டிருந்தேன்.

நீங்கள் லயத்தைக் காலி செய்த அன்று சொல்லத்தான் வந்தேன். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த உன் அப்பா, “படிச்ச புள்ள, ஊருக்கே நல்லது பண்ணிட்ட” என்று என் தலையைத் தொட்டார். நான் அடுத்த மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தேன்.

தொலைவில் மம்பாவில் ஒரு பலகை வீட்டில் வாடகை அறை எடுத்தீர்கள். நம் லயத்துப் பெண்கள் புது வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போனார்கள். நீ அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்தாய். அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, வழுக்கும் சாலையில் லாரியின் அடியில் போய்விட்டாய்.

பாடையருகே உன் அம்மா, “ஊருக்கெல்லாம் வீடு எழுதினவ, சொந்த வீட்ட மறந்துட்டாளே பாவி மவ!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கண் பார்வை மங்கிவிட்டது. பேச்சு மாறவில்லை. “அவ மட்டும் மறக்காம எழுதிருந்தா...” என்று இன்னும் உன்னைத்தான் குறை சொல்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாம்மா” என்றேன்.