நான் பண்ணாத போன்

அண்ணே,

இன்று காலை உன் அம்மா கூப்பிட்டு உன் ஹெட்செட்டைக் கையில் கொடுத்தார். மலேசியாவிலிருந்து உன் பெட்டியோடு வந்தது. காதில் படும் பஞ்சை முகர்ந்து பார்த்தேன். பத்து மாதம் அங்கே இருந்தும் ஃபேக்டரித் தேயிலைத் தூளின் வாசனை போகவில்லை. வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. நம் இரண்டு பேருக்குள்ளேயே இருந்த அந்த வெள்ளிக்கிழமைக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன்.

எஸ்டேட்டில் லயன் என்கிற வரிசை வீட்டில் நாம் இருப்பதால், ஆன்லைன் துப்பாக்கி ஆட்டத்தில் நம் அணிக்கு 'லயன் லயன்ஸ்' என்று பேர் வைத்தவன் நான். சிங்கங்கள் நாலு. நீ, நான், கூடலூரில் தையல் கடையை மூடிவிட்டு தோஹாவில் தண்ணீர் லாரி ஓட்டும் பாய், ஊட்டி லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்து அயர்லாந்து முதியோர் இல்லத்துக்குப் போன அக்கா. நாம் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பாயின் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்கும். அக்காவை யாரோ மணி அடித்துக் கூப்பிடுவார்கள். நீ மட்டும் மைக்கை அணைத்தே வைத்திருப்பாய். நீ குன்னூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையரைப் பார்க்கிறவன் என்று அவர்களுக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆனது. தெரிந்த அன்று பாய் சொன்னதை நீ அடிக்கடி சொல்வாய்: "வேல மாறுறது துப்பாக்கி மாத்துற மாதிரிதான் தம்பி. மாத்துற அந்த ரெண்டு செகண்டுதான் பயம்."

அக்காதான் உன் மலேசியா வேலையைக் கண்டுபிடித்தார். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி. ஆன்லைன் ஆட்டங்களில் தமிழில் வரும் புகார்களைக் கேட்டு, ஏமாற்றுகிறவனையும் அசிங்கமாகப் பேசுகிறவனையும் வெளியே தள்ளும் வேலை. ஆட்டமும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். "சேந்ததும் மொத ஆளா உன்னத்தாண்டா தூக்குவேன்" என்றாய் என்னிடம். விண்ணப்பம் போட்டுவிட்டு, டிரையர் பக்கத்தில் போனை வைக்கக்கூடாது என்று தெரிந்தும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய்.

நான் சும்மா இருப்பேனா? குரல் மாற்றும் ஆப் ஒன்றைப் போட்டு, வெளிநாட்டு எண் காட்டும்படி செய்து, மலேசியப் பெண் குரலில் உன்னைக் கூப்பிட்டேன். 'கம்பெனியிலேருந்து பேசுறோம்லா' என்று ஆரம்பித்து, தேயிலைத் தூள் எத்தனை ரகம் என்று ஒப்பிக்கச் சொன்னேன். நீ மேடம், மேடம் என்று ஒப்பித்தாய். இரண்டாவது தடவை பாதியில் கண்டுபிடித்தாய். மூன்றாவது தடவை எடுத்ததுமே திட்டினாய்.

நாலாவது தடவை கூப்பிட்டது நான் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். "இன்னிக்கிக் கொரலு அசலா இருந்துச்சுடா. போடா, போயி கொழுந்து பறிடான்னு சொல்லி வெச்சிட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். மதியம் முழுக்க நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். என் போன் வீட்டில் கிடந்தது.

"ஆமாண்ணே, நாந்தான்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அப்படியே விட்டிருந்தால் நீ இன்னும் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, கம்பெனிக்காரன் மறந்துவிட்டான் என்று நினைத்து நீயும் மறந்திருப்பாய். என்மேலும் பழி வராது. விடியும்வரை இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு ஃபேக்டரிக்குள் உன் முன்னால் வந்து நின்றேன். டிரையர் இரைச்சலில் நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் காதில் கையை வைத்தாய். மூன்றாவது தடவை கத்தினேன். தூள் சலிக்கும் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது நெசமான போனுண்ணே. நேத்துக் கூப்ட்டது நான் இல்ல."

நீ அடிக்கவில்லை, திட்டவில்லை. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாய். உள்ளே தூள் ஓடிக்கொண்டிருந்தது. விட்டுப் போனால் கருகிவிடும்.

"அங்க இப்ப மணி என்னடா?"

"பன்னண்டு."

சனிக்கிழமைகளில் அந்த ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும் என்று அக்கா சொல்லியிருந்தார். ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம்தான் என்று சொல்லித் தானே டிரையர் முன்னால் நின்றார். இரைச்சல் இல்லாமல், சிக்னல் அறுபடாமல் பேசக்கூடிய வளைவுக்கு ஓடினோம். பாதி வழியில் இரண்டு காட்டெருமைகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. கத்தவும் முடியாது, சுற்றிப் போகவும் முடியாது. என்னை முட்டச் சொல்லி அதுகளிடம் சிபாரிசு பண்ணு என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவை நகர்ந்தபோது மலேசியாவில் மணி பன்னிரண்டு நாற்பது.

முந்தின நாள் நீ திட்டிய அதே பெண்தான் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். நீ மன்னிப்புக் கேட்டாய். அவர், தன்னை யார் என்று நினைத்தாய் எனக் கேட்டார்.

"ஒரு கொரங்குன்னு நெனச்சேனுங்க மேடம்."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. ஆட்டத்தில் ஆள் தெரியாமல் திட்டினேன் என்று ஒருத்தன் வந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். நீ என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவனா வந்து ஒத்துக்கிட்டா, இன்னொரு ஆட்டம் குடுப்பேனுங்க."

அப்படித்தான் அந்த வேலை கிடைத்தது. கோலாலம்பூரிலிருந்து ஆட்டத்துக்கு வரும்போது நீ மைக்கை அணைக்கவே இல்லை. பின்னால் ரயில் ஓடும், யாரோ சீன மொழியில் சிரிப்பார்கள், இது என் ஆபீஸ் சத்தம், இது என் தெருச் சத்தம் என்று கேட்காமலே சொல்வாய். பத்தாவது மாதம் காய்ச்சல் என்றாய். நம் குளிரில் கொசுவையே பார்க்காமல் வளர்ந்தவன், டெங்கு என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்து நாள்தான், போய்விட்டாய்.

உன் அம்மா முழுவதையும் கேட்டார். கொழுந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டார். முடிச்சுப் போட்டதும் சொன்னார்: "அன்னிக்கி அவங்கிட்டச் சொல்லாம உட்டிருக்கலாம்ல தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை திரும்ப வந்தாலும் டிரையர் முன்னால் நின்று கத்துவேன் என்று நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு, 'கத்துவேன்' என்று மட்டும் எழுதிப் பார்த்தேன், அண்ணே. இன்னும் முடியவில்லை.