தரைக்கு மேலே ஒரு சாண்

சேசு மரி சூசை

இராமநாதபுரம்,
4-8-1961

அன்பு மகள் சகாயராணிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அய்யாவும் சுகமாக இருக்கிறோம். பம்பாய் மழையில் நனையாமல் நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வருகிறாய் என்று தெரிந்தால்தான் அந்தச் சுகம் எங்களுக்கு முழுசாகும். இங்கே ஆடிக்காற்று தெருமணலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போடுகிறது, சோற்றில்கூட நறநறக்கிறது. அய்யாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, உச்சிப்புளித் தோப்புக்கு பஸ்ஸில் தனியாகவே போய் வருகிறார். என் தோளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலது கை இப்போது தலைக்கு மேலே போகிறது, பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியை நானே இறக்குகிறேன். இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதி இறுகிப்போன தோள் எந்த மருந்துக்கும் அசையவில்லையே, எப்படி இளகியது என்று நீ ஆச்சரியப்படுவாய். நான் யோகாசன வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. அய்யா சிரித்தது போதும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெஞ்சு மேலே ஏற்றினாய், இப்போது உன்னை ஒருத்தி மடக்குகிறாள் என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த ஒருத்தியின் பெயர் நாகலெட்சுமி. பரமக்குடிப் பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். புருஷன் தந்தி ஆபீசில் வேலை. உங்கள் பம்பாயில் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டாளாம். மாற்றலாகி இங்கே வந்ததும் வீட்டு முன்கூடத்தில் பெண்களுக்கென்று காலையில் சொல்லிக்கொடுக்கிறாள். சேருவதற்கு முன் பங்குச்சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். மூச்சு விடுவதற்கு நான் என்ன அனுமதி கொடுப்பது, போய்வாருங்கள், பூசைக்கு மட்டும் பிந்தாதீர்கள் என்றார். அங்கே போனபின்தான் அது எப்படிப்பட்ட இடம் என்று அறிய எனக்கு ஆவல் கூடியது. முப்பது வருஷம் வகுப்பு நடத்தியவள் அல்லவா, இன்னொருத்தி எப்படி நடத்துகிறாள் என்று கண் அதிலேயே போகிறது. செருப்போடு வீட்டுப் பேச்சையும் வாசலிலேயே விட வேண்டும். வெறும் வயிறு. அடுத்தவளின் பாயை மிதிக்கக் கூடாது, அடுத்தவள் எவ்வளவு குனிகிறாள் என்று பார்க்கவும் கூடாது. கடைசியில் பிணம்போல் மல்லாந்து படுக்கும் ஆசனத்தில் பக்கத்துப் பாய் லீமாரோஸ் தினமும் குறட்டை விடுகிறாள், ஒருத்தி சிரிக்க வேண்டுமே! மீன்கடை பூமயில்கூட வாயைப் பொத்திக்கொள்கிறாள். கூடத்தின் முன்பக்கம் ஒரு குத்துவிளக்கு எரியும். அவரவர் சாமியை மனதுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள் என்பாள். நான் நெஞ்சுக்குள்ளேயே சிலுவை போட்டுக்கொள்வேன். முடிவில் மற்றவர்கள் விளக்கைக் கும்பிட்டுத் தரையில் விழும்போது, நானும் எண்ணெய்க்கடை பாக்கர் வீட்டு உம்மு ஹபீபாவும் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்படி இருக்கலாம் என்று நாகலெட்சுமியே முதல்நாள் சொல்லிவிட்டாள்.

இந்த உம்மு ஹபீபாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவரைக் கேட்டுவிட்டே எழுதுகிறேன், கூடத்தில் கண்டதை வெளியே பேசக் கூடாது என்பதும் எங்கள் சட்டம். எழுதுங்க டீச்சர், மகளுக்குச் சொல்லாட்டி உங்களுக்குச் சோறு இறங்காது என்றார். திருப்பாலைக்குடியில் தாய்வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு முதுகும் முழங்காலும் மடங்குவதில்லை. முக்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். முடியாதவர்கள் அப்படித் தொழலாம், குறையில்லை என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லியிருக்கிறார், பாக்கரும் சொல்கிறார். ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிறார்களே, அதை இன்னும் ஒருதரம் வைத்துவிட வேண்டும், அதற்காகத்தான் இந்த வகுப்புக்கு வந்தார். எங்கள் ஆசனங்களில் ஒன்று முயல் பதுங்குவதுபோல, முழங்காலிட்டு அமர்ந்து, மெல்லக் குனிந்து, நெற்றியைத் தரையில் சேர்ப்பது. அதைச் செய்யும்போது மட்டும் அவர் முகம் வேறாக இருக்கும். முதலில் முழங்காலிடவே முடியவில்லை. பிறகு குனிந்தார். பிறகு தரைக்கும் நெற்றிக்கும் ஒரு சாண்தான் மிச்சம். அந்த ஒரு சாண் பல வாரம் அப்படியே நின்றது.

ஒருநாள் அவர் குனிந்திருக்கும்போது நாகலெட்சுமி பக்கத்தில் வந்தாள். எங்கள் எல்லோரையும் அவள் கையால் தொட்டுத்தான் திருத்துவாள், யாரும் அதைத் தப்பாக எண்ணியதில்லை. இன்றைக்கு இறங்கிவிடும் என்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டதுபோல. முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள், நெற்றி தரையில் பட்டது. பட்டுருச்சு அக்கா, பட்டுருச்சு என்று அவள் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டாள். உம்மு ஹபீபா நிமிர்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செருப்பைப் போட்டு நடந்துவிட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. முழங்காலில் ஏதோ பிசகிவிட்டது என்று நாகலெட்சுமி பயந்து சாப்பாடு இல்லாமல் கிடந்தாள். கண்ணுபட்டுவிட்டது என்றாள் பூமயில். தொட்டது பிடிக்கவில்லையோ என்று நான் நினைத்தேன். யாரும் கேட்கத் துணியவில்லை, எனக்கோ காரணம் தெரியாமல் இருக்க முடியவில்லை. நல்லெண்ணெய் வாங்கும் சாக்கில் பாக்கர் வீட்டுக்குப் போனேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், ரெண்டு வருசமா நான் இதுக்குத்தான் ஏங்கிக்கிட்டுக் கிடந்தேன். மொதத் தடவை என் நெத்தி தரையில பட்டா அது என் தொழுகைப் பாயில, அல்லாவுக்கு முன்னால படணும்னு வச்சிருந்தேன். அது அந்த விளக்குக்கு முன்னால பட்டுப்போச்சு." அத்தனை நாள் குனிந்தாரே, எதிரே விளக்கு இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டாத வரைக்கும் அவருக்கும் தோன்றவில்லை. கும்பிடும் நேரத்தில் அவரை விலக்கி உட்காரவைக்கத் தெரிந்த நாகலெட்சுமிக்கு, ஆசனத்தில் அதே தரை, அதே விளக்கு என்று படாமல் போயிற்று. மனதில் வைத்த நிய்யத்து என்ன என்பது அல்லாவுக்குத் தெரியும், பாவம் ஏதும் இல்லை, ஆனால் திரும்பிப் போக மனம் வரவில்லை என்றார்.

நான் வந்து சொன்னதும் நாகலெட்சுமி தனக்காக வாதாடவே இல்லை. நான் அங்கே போகலாமா, போவதும் கூடாதா, அதையும் கேட்டுவந்து சொல்லுங்கள் என்றாள். கேட்டேன். வரச் சொல்லுங்க என்றார் உம்மு ஹபீபா. தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தார். விளக்கு இருந்த பக்கமே நான் பார்க்கவில்லை அக்கா, உங்கள் முதுகைத்தான் பார்த்தேன், கேட்காமல் கைவைத்தது தப்பு என்று அவள் கண்கலங்கினாள். உம்மு ஹபீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கெட்ட எண்ணத்துல அமுக்கலம்மா. ஆனா அந்தக் கடைசி ஒரு சாண் எனக்குள்ளது. நான்தான் எறங்கணும்" என்றார். விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன் என்றாள் இவள். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. ஒன் வீட்டு வெளக்கு அங்கனயே இருக்கட்டும், நான் பாயைத் திருப்பிப் போட்டுக்கிறேன் என்றுவிட்டார்.

அன்றுமுதல் கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. யாரைத் தொடுவதற்கு முன்னும் நாகலெட்சுமி, தொடலாமா என்று கேட்பாள். முதலில் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பூமயில் அதற்குச் சொன்ன கேலியைக் கடிதத்தில் எழுத முடியாது, நீ வரும்போது சொல்கிறேன். லீமாரோஸ் ஒருநாள், இன்னைக்கு வேணாம்மா, இடுப்பு சரியில்ல என்றாள், அப்போதுதான் வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பது எங்களுக்கு உறைத்தது. உம்மு ஹபீபா தினமும் சுவரைப் பார்த்து முழங்காலிடுவார், குனிவார், தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்திக்கொள்வார். தொடலாமா அக்கா என்பாள் இவள். வேணாம்மா என்பார் அவர். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த பாய்க்கு நகர்ந்துவிடுவாள். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும், ஆனால் கேட்கவில்லை, அது என் சுபாவத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல இவள் போய், தொடலாமா அக்கா என்றாள். சுவர்ப்பக்கமிருந்து, "தொடும்மா" என்று குரல் வந்தது. கூடத்தில் எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. வீட்டில் அவர் தொழுகைப் பாயில், அவராகவே இறங்கிவிட்டார். நாகலெட்சுமி உள்ளங்கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவர் முதுகில் வைத்ததைப் பார்த்தேன், அடுத்த பாயைப் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை அன்று மீறினேன்.

நீ நாள் முழுக்க நோயாளிகளைத் தொடுகிறவள். உங்கள் வார்டில் தொடுவதற்கு முன் கேட்பதுண்டா? நினைவில்லாமல் கிடப்பவரை என்ன செய்வீர்கள்? எனக்கு இதைத் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை, விவரமாக எழுது.

இன்னொன்று. பாம்பன் மரியதாஸ் மாமா தன் இரண்டாவது மகனுக்கு உன்னைக் கேட்டு வந்திருந்தார். பையன் தூத்துக்குடியில் வாத்தியார், சாது. நல்ல இடம், வாக்குக் கொடுத்துவிடு, பிள்ளை வேண்டாமென்றா சொல்லப்போகிறாள் என்று உன் அத்தை என்னை நெருக்குகிறாள், அய்யாவும் தலையாட்டுகிறார். போன மாதம் வந்திருந்தால் நானும் சரியென்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்லவில்லை. மகளைக் கேட்டு எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டேன், அத்தைக்கு என்மேல் வருத்தம். ராணி, உனக்குச் சம்மதமா? யோசித்து ஒருவரி எழுது. வேண்டாம் என்றால் காரணம்கூட எழுத வேண்டியதில்லை.

மழைக்காலம் முடியும்வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடி, இரவு ஜெபத்தை விடாதே. மாதா உன்னைத் தன் அரவணைப்பில் வைத்துக் காப்பாளாக.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
மரியபுஷ்பம்