போகிக்குப் போன அட்டைகள்

நைனா,

இன்று காலை எங்கள் ஆய்வகத்தின் பின்புறம், கேண்டீனுக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில், பழைய துளை அட்டைகளைக் கொட்டி எரித்தார்கள். புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்கு அட்டை வேண்டாம், திரைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டினால் போதும். டீ குடிக்கப் போனவன் அந்தப் புகையில் மாட்டிக்கொண்டேன். காகிதம் எரிகிற வாசனை அல்ல அது. தடித்த அட்டை உள்ளுக்குள்ளேயே மெல்லக் கருகுகிற வாசனை. டீயை அப்படியே வைத்துவிட்டு அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்தும் ஒரு வாசனைக்கு நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இறந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. படிக்க மாட்டீர்கள் என்பது ஒரு வசதி.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பிரிவின் தலைவர் நேற்று என்னைக் கூப்பிட்டு, நிரந்தர வேலை ஒன்று இருக்கிறது என்றார். புதிய கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாளர். யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு போட வேண்டும், ரிப்பேருக்கு ஆள் கூப்பிட வேண்டும், காகிதமும் டேப்பும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பென்ஷன் உண்டு. ஆனால் கணக்கை விட்டுவிட வேண்டும். விமானத்தின் இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதை இனி இளையவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். வேண்டாம் என்றால் இப்போதுள்ள தற்காலிக ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, அதற்குமேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று காலை வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு நான் விளக்கியது ஒரே ஒரு முறை. எம்.டெக். சேர்ந்த புதிதில், நம்மூர்ப் பெருநகர் பஸ் நிறுத்தத்தில், உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது.

"காத்துக்கு இன்னாடா கணக்கு? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது" என்றீர்கள்.

காற்று ஓடும் இடத்தை வயல் மாதிரிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றேன். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று எழுத வேண்டும். ஒன்று மாறினால் பக்கத்தில் உள்ளது மாறும். எல்லாம் ஒரு நிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பாத்திகள், அதனால்தான் கம்ப்யூட்டர்.

"பாத்தி கட்டன, சரி. பயிர் இன்னா?"

பக்கத்தில் நின்ற மானாம்பதிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு அது உண்மையான கேள்வி.

நான் படிப்பை முடிக்கும் நேரத்தில் பொதுப்பணித் துறையிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. உங்கள் வற்புறுத்தலுக்காக எழுதிய பரீட்சை. தை பிறந்ததும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும். ஏரி, மதகு, கால்வாய், ஜீப். அந்த உத்தரவை உங்கள் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினீர்கள். அதே தை மாதத்தில் பெங்களூரில் எனக்கு நேர்காணல் இருந்தது. காற்றைக் கணக்கிடும் வேலை, ஒரே ஓர் இடம். இறக்கையைக் காற்று வெவ்வேறு கோணங்களில் தாக்கினால் என்ன ஆகும் என்ற கணக்கைப் போட்டு முடித்து, விடைகளோடு அங்கே போக வேண்டும். உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள். அது பர்மனண்டா? தெரியாது என்றேன். அன்றிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அந்த அட்டைகளைக் கையோடு கொண்டுவந்தேன். அந்தக் காலத்தில் கணக்கின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. வரியில் உள்ள எழுத்துக்கும் எண்ணுக்கும் ஏற்றபடி மெஷின் அதில் துளை போடும். அட்டைகளை வரிசை மாறாமல் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது துளைகளைப் படித்துக்கொள்ளும். விடுதியில் விட்டால் எலி கடிக்கும் என்று பயந்துதான் எடுத்துவந்தேன். சோப்பு வந்த ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி, கூடத்தின் மூலையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

போகியன்று காலையில் பறைச் சத்தம் கேட்டு விழித்தபோது மூலை காலியாக இருந்தது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டைக் கூடை எல்லாம் போன இடத்துக்கே பெட்டியும் போயிருந்தது. தெருவுக்கு ஓடினேன். நெருக்கமாக அடுக்கிய அட்டை சீக்கிரம் எரியாது. ஓரங்கள் கறுத்து, நடுப்பகுதி அப்படியே இருந்தது. கழியால் இழுத்துப் போட்டேன். இழுத்ததில் வரிசை கலைந்தது. எரியாமல் தப்பிய அட்டைகளும் சூட்டில் நெளிந்துவிட்டன, எந்த மெஷினும் இனி அவற்றை விழுங்காது. தம்பி சேகர் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினான். அதோடு மிச்சமும் போயிற்று.

நீங்கள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஓட்ட போட்டதுடா. ரயில் டிக்கெட்டுல ஓட்ட போட்டுட்டான்னா அப்பறம் அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? ஒண்ணுத்துக்கும் ஆவாத பயசுன்னுதான் நெனச்சேன்."

அம்மா என் தோளைத் தொட்டு, "போனா போவுது, வுடு. அதான் ஆர்டர் கீதுல்ல" என்றார்கள். தெருவே அதை ஆமோதித்தது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. உங்கள் முகத்தை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

இதைத்தான் நான் இத்தனை வருடம் மென்றுகொண்டிருக்கிறேன். துளை போட்ட டிக்கெட் செல்லாது என்று நினைப்பது உங்களைப் போன்ற ஒருவருக்கு இயல்புதான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் தினமும் பேப்பர் படிக்கிறவர். ஒரு சாக்கைக்கூட உதறிப் பார்க்காமல் எறியாதவர். மகன் மெட்ராசிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை அவனை எழுப்பிக் கேட்காமல் நெருப்பில் போடுவீர்களா? பட்டு வேட்டிக்கு அடியில் இருந்த காகிதம் மட்டும் பத்திரமாக இருந்ததே. தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா? ஒரு நாள் ஒன்றை நம்புவேன், மறுநாள் மற்றதை.

பொங்கலன்று, பானை பொங்குவதற்கு முன்பே நான் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டேன். கணக்கின் வழிமுறை அச்சடித்த தாளாக விடுதியில் இருந்ததால், அதைப் பார்த்து மறுபடி துளை போட உட்கார்ந்தேன். ஆனால் இறக்கையின் அளவுகள் கொண்ட அட்டைகளில் பாதிக்கு என்னிடம் நகல் இல்லை. மாதக்கணக்கில் வரைபடத்திலிருந்து அளந்து எடுத்தவை அவை.

மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டர் மையத்தின் நடைக்கு வந்தால், நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். மாட்டுப் பொங்கலன்று. மாடுகளைக் குளிப்பாட்டுவதையும் கொம்புக்கு வர்ணம் பூசுவதையும் சேகரிடம் விட்டுவிட்டு, தூக்குப் பாத்திரத்தில் பொங்கலோடு வந்திருந்தீர்கள். நீங்கள் அந்த ஒரு நாளை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. காவலாளி உங்களை வெளியே அனுப்பப் பார்த்ததையும், மகன் உள்ளே இருக்கிறான், அவன் வரும்வரை நகரமாட்டேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததையும் அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்.

நான் உங்களைத் தாண்டிப் போனேன். அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீங்களும் வந்து நின்றீர்கள். உள்ளே மெஷின் அட்டைகளைப் படபடவென்று விழுங்கியது.

"எல்லாத்தையும் துன்னுதே. திருப்பிக் குடுக்குமா?"

"குடுக்கும்."

"முழுசாவா?"

நான் கண்ணாடியை விட்டு நகர்ந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். தெரியாமல் போட்டுவிட்டேன் என்று அந்த நடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெங்களூரில், கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார்கள். கோட்டுப் போட்ட ஐந்தாறு பேர், அதில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். போகிப் பண்டிகையில் என் அப்பா கொளுத்திவிட்டார் என்று அவர்களிடம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? நேரம் போதவில்லை என்றேன். அடுத்து வந்தவன் எல்லாக் கோணங்களுக்கும் விடை வைத்திருந்தான். இடம் அவனுக்குப் போயிற்று. என்மேல் பாவப்பட்டு, தற்காலிகமாக ஓர் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கொடுத்தார்கள். பொதுப்பணித் துறைக்குப் போகாமல் அதில் சேர்ந்தேன். உங்களுக்கு எதிராகச் சேர்ந்தேன் என்பதுதான் சரி. நேற்று என்னைக் கூப்பிட்டுப் பேசிய பிரிவுத் தலைவர் அந்த அடுத்து வந்தவன்தான்.

அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் மாதம் நெருங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும். என்னோடு படித்தவர்கள் அமெரிக்கா போனார்கள், சிலர் இதை விட்டுவிட்டு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யப் போய் வீடு கட்டினார்கள். காற்றை நம்பியவர்கள் எங்கள் வகுப்பில் நானும் இன்னொருவனும்தான். அவன் இப்போது டுடோரியல் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறான். நான் பொங்கலுக்கு ஊருக்கு வருவதை நிறுத்தினேன். சித்திரையில் வந்தேன், ஆடியில் வந்தேன், தை மாதத்தில் மட்டும் வரவில்லை. ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததையும் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக உங்களைப் பார்த்தது பெருநகர் வீட்டில், நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

"அன்னிக்கி மெட்ராஸ்ல போட்டியே, அந்தக் கணக்கு. வந்துச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கணக்கு என்று கேட்டேன்.

"கண்ணாடி ரூம்ல போட்டது. காத்துக் கணக்கு. நீ சொல்லவே இல்லியே."

அந்த வருடமே வேலை கிடைத்ததைச் சொன்னேன், தற்காலிகம் என்று சொன்னேன், சம்பளம் சொன்னேன். கணக்கின் விடை வந்ததா என்று உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் அவ்வளவு காலமும் அதற்குக் காத்திருந்திருக்கிறீர்கள்.

"பாதி வந்துது நைனா."

"மீதி?"

"மீதிக்கு அட்ட இல்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நான் இப்போது எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எழுதப் போவதில்லை. உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அந்த முதுகு எனக்குப் பதில் சொன்னதா, வெறும் களைப்பா? கேட்பதற்குள் சேகர் கஞ்சியோடு வந்துவிட்டான்.

காரியம் முடிந்த அன்று சேகர் ஒன்று சொன்னான். நான் பெங்களூர் போனபின் வருடக்கணக்கில் நீங்கள் காஞ்சிபுரம் பஸ் ஏறி, பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போய் வந்தீர்களாம். பையன் உடம்பு சரியில்லாமல் இருக்கிறான், வந்து சேர்ந்துவிடுவான், அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்பீர்களாம். எப்போதோ போன இடம் அது. ஓர் அதிகாரி கத்தி அனுப்பும்வரை போயிருக்கிறீர்கள். சேகர் இதைச் சொல்லி அழுதான். உறவினர்கள், பெற்ற மனம் என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் இங்கே ஒவ்வொரு நாளும் நிலைத்து நிற்கப் போராடிக்கொண்டிருந்தபோது, நான் விழப்போகிறேன் என்று நீங்கள் அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மேலே உள்ளதை எழுதியது வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். சற்று முன்புதான் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய், அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் யோசிக்கச் சொன்னார். யோசித்துவிட்டேன் என்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கின்மேல் உள்ள காதல் என்றும் சொல்லமாட்டேன், அதெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. என்னுடைய நிலைக்கு இத்தனை நாளும் உங்களைக் காரணம் சொல்லி வந்தேன். அவர் நீட்டிய சம்மதத் தாளில் நானே கையெழுத்துப் போட்டால், அதற்குமேல் பழி சொல்வதற்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

சரோஜாவிடம் இன்னும் சொல்லவில்லை. மார்ச்சுக்குப் பிறகு என்ன என்று தெரியாது. அறைக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து பயம் விடவில்லை. யாரிடமாவது போய், எனக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள், பிறகு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று கெஞ்ச வேண்டும் போல இருக்கிறது. காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் எடுத்துக்கொண்டு போனது இதுதான் போலிருக்கிறது, நைனா. இறக்கிவைக்க உங்களுக்கு அந்த அலுவலகமாவது இருந்தது. என்னிடம் இது அப்படியே இருக்கிறது.