இலவம்பஞ்சும் இரண்டாவது மெர்டேக்காவும்

அண்ணி,

பக்கத்து வீட்டு இலவ மரத்தில் காய்கள் வெடித்துவிட்டன. இன்று காலை பஞ்சு பறந்து வந்து நேராக என் காப்பிக்குள் விழுந்தது. கோபம் வரவில்லை, உங்கள் ஞாபகம்தான் வந்தது. புற்றுக் கட்டிக்காக உங்களுக்கு ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, இந்த மரத்துப் பஞ்சைத்தானே நாத்தனார் நான் பொதியாக்கி இரவிக்கைக்குள் வைத்துக் கொடுத்தேன்!

கட்டி மறுபடி வராமலிருக்க, எக்ஸ்ரே கதிர் வைத்தியத்துக்காக அண்ணன் உங்களைச் சிங்கப்பூர் வரை கூட்டிப்போனார். கட்டி திரும்பி வரவில்லை. நாலு வருசம் நம் காஜா பெராங் வட்டாரம் முழுக்க உங்கள் சிரிப்புதான். பிறகு ஈறில் ரத்தம், கைகாலெல்லாம் நீலத் திட்டு. ரத்தத்தில் புற்று என்றார் டாக்டர். மார்புக்குக் கொடுத்த கதிரே காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அண்ணன் இடிந்துபோனார். நான்தானே கூட்டிப்போனேன் என்று வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிப் புலம்பினார்.

அந்த வாரம்தான் பண்டார் ஹிலிர் திடலில் இந்த நாட்டுச் சுதந்திரத் தேதியை அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே கிளம்பியது. நீங்கள் கண்ணாடி முன் பொட்டு வைத்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னீர்கள்: "அந்த வைத்தியம் இல்லேன்னா அப்பவே போயிருப்பேங்க. இந்த நாலு வருசமும் நான் வாழ்ந்ததுதானே? அழாம ரிக்‌ஷா கூப்பிடுங்க."

அப்பப்பா, என்ன கூட்டம்! தேதி காதில் விழுந்ததும், அறுவைக்குப் பிறகு தோளுக்கு மேல் ஏறாத உங்கள் கை எப்படித்தான் ஏறியதோ! மலாய்க்காரர்களோடு சேர்ந்து மெர்டேக்கா, விடுதலை என்று நீங்கள் கத்திய கத்தலில் பஞ்சுப் பொதி நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது. நான் பதறி முந்தானையை இழுத்து மூடினேன். நீங்களோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள்.

"போகட்டும் விடு, அதுக்கும் மெர்டேக்கா."

திரும்பும்போது ரிக்‌ஷாவில் விரல்விட்டு மாதங்களை எண்ணினீர்கள். அடுத்த வருசம் ஆகஸ்ட். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுவரைக்கும் தாங்க மாட்டேன் போலிருக்கு. எனக்கும் சேத்து நீ கத்திடு" என்றீர்கள்.

அந்த வருசத் தீபாவளிக்கே நீங்கள் இல்லை. கதிர் வைத்தியத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "நாலு வருசம் கூட இருந்தாளே" என்று மட்டும் அண்ணன் சொல்வார்.

சுதந்திரம் வந்த அன்று அதே திடலில் அண்ணனும் நானும் நின்றோம். கூட்டத்தோடு கூட்டமாக எனக்காக ஒரு தடவை கத்தினேன். எல்லாரும் அடங்கிய பிறகு, மூச்சை இழுத்து உங்களுக்காக இன்னொரு தடவை. ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கென்ன வெட்கம்! இன்றுவரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் இரண்டு தடவைதான், அண்ணி. இரண்டாவதுக்குத்தான் சத்தம் அதிகம்.